வகைக்கெழுவின் வரைபடத்தை வைத்துச் சார்பைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு பந்தை நேராக மேலே எறிகிறோம். கையை விட்டுக் கிளம்பும்போது அதன் வேகம் நொடிக்கு 19.6 மீட்டர். காற்றின் தடையை விட்டுவிட்டால், ஒவ்வொரு நொடியும் திசைவேகம் (மேலே போனால் மிகை, கீழே வந்தால் குறை என்று குறியோடு எடுக்கும் வேகம்) 9.8 குறைந்துகொண்டே வரும். நேரத்தைக் கிடையச்சிலும் திசைவேகத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். அது 19.6-ல் தொடங்கி, 2-வது நொடியில் அச்சை வெட்டி, 4-வது நொடியில் −19.6-ல் முடியும். முதலிலிருந்து கடைசி வரை கோடு இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது.

சரி, முதல் 2 நொடிகளில் பந்து ஏறுகிறதா, இறங்குகிறதா?

ஏறுகிறது. பந்தின் உயரம் ஒரு சார்பு என்றால், அந்த உயரம் மாறும் வீதமான திசைவேகம்தான் அதன் வகைக்கெழு. ஆனால் இதே படத்தைப் பந்து என்ற பேச்சே இல்லாமல், "இது ஒரு சார்பின் வகைக்கெழு" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். "சார்பு இறங்குகிறது" என்று எழுதுபவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். கோட்டைப் பார்த்ததும் கண் அதன் சரிவைப் பிடித்துக்கொள்கிறது. இத்தனை நாளும் சார்பின் வரைபடங்களையே பார்த்துப் பழகிய கண் அப்படித்தான் செய்யும். வகைக்கெழுவின் வரைபடத்தில் முதலில் பார்க்கவேண்டியது உயரத்தை. கோடு அச்சுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? பந்தின் கோடு 2-வது நொடி வரை அச்சுக்கு மேலே இருக்கிறது, அதனால் பந்து ஏறுகிறது. அதற்கப்புறம் கீழே போய்விடுகிறது, அதனால் பந்து இறங்குகிறது. கோட்டின் சரிவுக்கும் ஒரு அர்த்தம் உண்டு. அது இரண்டாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி.

இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மீதியெல்லாம் இதிலிருந்தே தானாக வரும். ஒவ்வொரு படியாகப் போவோம்.

படத்தில் என்ன இருக்கிறது?

சார்பின் வளைவரையில் ஒரு புள்ளியைத் தொட்டு ஒரு தொடுகோடு வரைகிறோம். அந்தத் தொடுகோட்டின் சாய்வுதான் அந்தப் புள்ளியில் வகைக்கெழுவின் மதிப்பு. இப்படி ஒவ்வொரு புள்ளியிலும் கிடைக்கும் சாய்வை எண்ணாக எடுத்து, அதே இடத்துக்கு நேரே உயரமாகக் குறித்துக்கொண்டே போனால் வகைக்கெழுவின் வரைபடம் வந்துவிடும். அதாவது அங்கே சாய்வாக இருந்தது இங்கே உயரமாகிவிட்டது.

அதனால் வகைக்கெழுவின் படத்தில் ஓரிடத்தில் உயரம் 3 என்றால், அந்த இடத்தில் சார்பு "ஒன்று தள்ளினால் மூன்று ஏறு" என்ற விகிதத்தில் ஏறுகிறது. உயரம் −3 என்றால் அதே விகிதத்தில் இறங்குகிறது. உயரம் 0 என்றால் அந்தப் புள்ளியில் தொடுகோடு கிடையாகப் படுத்திருக்கிறது. சார்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் இந்தப் படம் சொல்லாது. அதைப் பின்னால் பார்ப்போம்.

வகுப்பில் இதை "எஃப் டேஷ்" என்போம். எழுத்தின் தலைமாட்டில் ஒரு சின்னக் கோடு போடும் அந்தக் குறியீட்டை 1797-ல் பரவலாக்கியவர் கணிதவியலாளர் லெக்ராஞ்சி. இவரை இன்னொரு இடத்திலும் சந்திப்போம்.

ஒரு வரைபடத்தைக் கையிலெடுப்போம்

வரைபடத்தாள் ஒன்றை எடுத்து அதன் மேல் பாதியில் இந்தப் புள்ளிகளைக் குறியுங்கள்: (0, 2), (2, 4), (6, −4), (8, 0), (9, −2), (12, 4). ஸ்கேல் வைத்து வரிசையாக இணையுங்கள். கோடு 2-லிருந்து 4-க்கு ஏறி, அங்கிருந்து நீளமாக இறங்கி −4-க்குப் போய், திரும்ப ஏறி 8-ல் அச்சை லேசாகத் தொட்டுவிட்டு மறுபடி கீழே இறங்கி, கடைசியில் அச்சைக் கடந்து மேலே போகும். அச்சை வெட்டும் இடங்கள் 4, 10. தொட்டுவிட்டுத் திரும்பும் இடம் 8.

இதுதான் நம் வகைக்கெழு. கண்டுபிடிக்கவேண்டிய சார்பைத் தாளின் கீழ்ப் பாதியில் வரையப்போகிறோம். அதற்கும் ஒரு கிடையச்சு போட்டுக்கொள்ளுங்கள். மேலே உள்ள 0-க்கு நேர் கீழே 0, 12-க்கு நேர் கீழே 12 வரவேண்டும். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வரைவதைவிட மேலும் கீழுமாக வரைவது பல மடங்கு வசதி. மேலே ஒரு முக்கியமான இடம் வந்தால் அங்கிருந்து புள்ளிக்கோடு ஒன்றைக் கீழே இறக்கிவிடலாம். நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் முதலில் இதைத்தான் பழக்குவேன்.

முதல் படி: மேலேயா, கீழேயா?

கோட்டின் வடிவத்தை மறந்துவிட்டு, அச்சுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். கண் வடிவத்தின் பின்னால் ஓடினால், அச்சுக்கு மேலுள்ள பகுதியையெல்லாம் ஒரு நிறத்திலும் கீழுள்ள பகுதியையெல்லாம் இன்னொரு நிறத்திலும் லேசாகத் தீட்டிக்கொள்ளுங்கள்.

0 முதல் 4 வரை மேலே இருக்கிறது, எனவே சார்பு ஏறுகிறது. 4 முதல் 10 வரை கீழே இருக்கிறது, 8-ல் மட்டும் ஒரு தொடுதல், எனவே சார்பு இறங்குகிறது. 10 முதல் 12 வரை மேலே, மறுபடி ஏறுகிறது.

இதில் 2 முதல் 4 வரை உள்ள பகுதியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அங்கே வகைக்கெழுவின் கோடு செங்குத்தாக இறங்குவது போல இருக்கிறது. ஆனாலும் அச்சுக்கு மேலேதான் இருக்கிறது. சார்பு அங்கே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. பந்தின் முதல் 2 நொடிகளைப் போல. அதேபோல 6 முதல் 8 வரை கோடு ஏறுகிறது, சார்போ இறங்குகிறது. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இரண்டு வகைப் பகுதிகளில்தான்.

வகைக்கெழு மிகை என்றால் சார்பு ஏன் கட்டாயம் ஏறவேண்டும்? லெக்ராஞ்சியின் இடைமதிப்புத் தேற்றம் அதற்கு விடை. இரண்டு புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டின் சாய்வு, இடையில் எங்காவது ஒரு தொடுகோட்டின் சாய்வாக இருந்தே தீரும். இடையிலுள்ள எல்லாத் தொடுகோடுகளும் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால், இணைப்புக்கோடும் மேல்நோக்கித்தான் சாய்ந்திருக்க முடியும்.

இந்தத் தேற்றம் இடையில் எங்கும் உடையாத ஒரு இடைவெளியில்தான் செல்லும். 1-ஐ எக்ஸால் வகுக்கும் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வகைக்கெழு இருக்கும் இடமெல்லாம் குறை எண்தான். அப்படியானால் எங்கும் இறங்கவேண்டும் அல்லவா? ஆனால் −1-ல் சார்பின் மதிப்பு −1, 1-ல் அதன் மதிப்பு 1. இடையில் 0-ல் சார்பே இல்லை, அங்கே தாண்டிவிட்டது. எனவே வகைக்கெழுவின் படத்தில் எங்காவது ஓட்டை தெரிந்தால் அதற்கு இடப்பக்கம் தனி, வலப்பக்கம் தனி என்று வைத்துப் படியுங்கள்.

இரண்டாம் படி: அச்சை எப்படித் தொடுகிறது?

வகைக்கெழு பூஜ்ஜியமாகும் இடங்கள் நம் படத்தில் மூன்று: 4, 8, 10. மூன்றிலும் சார்பின் தொடுகோடு கிடையாக இருக்கும். ஆனால் மூன்றும் ஒரே மாதிரியானவை அல்ல.

4-ல் கோடு மேலிருந்து கீழே கடக்கிறது. அதாவது சார்பு அதுவரை ஏறியது, அப்புறம் இறங்குகிறது. ஏறி முடித்து இறங்கத் தொடங்கும் இடம் மேடு. எனவே 4-ல் இடஞ்சார்ந்த பெருமம். 10-ல் கீழிருந்து மேலே கடக்கிறது. இறங்கி முடித்து ஏறத் தொடங்கும் இடம் பள்ளம். எனவே அங்கே இடஞ்சார்ந்த சிறுமம்.

8-ல் கோடு அச்சைத் தொடுகிறது, ஆனால் கடக்கவில்லை. முன்னாலும் கீழே, பின்னாலும் கீழே. சார்பு இறங்கிக்கொண்டே வந்து, 8-ல் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் கிடையாகி, மறுபடி இறங்குகிறது. படிக்கட்டில் இறங்குகிறவர் கால் வைக்கும் தளம் போல. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. வகைக்கெழு பூஜ்ஜியம் என்றாலே பெருமமோ சிறுமமோ என்று எழுதிவிடுகிறவர்களுக்கு இந்த 8 தான் மருந்து. எக்ஸின் கனமும் இப்படித்தான். அதன் வகைக்கெழு 3எக்ஸ்², 0-ல் அச்சைத் தொட்டுவிட்டு மேலேயே திரும்பிவிடுகிறது. எனவே சார்பு அங்கே கிடையாகிறது, ஆனால் ஏறுவதை நிறுத்தவில்லை.

மூன்றாம் படி: இப்போது சரிவைப் பார்க்கலாம்

முதல் படியில் ஒதுக்கிவைத்த கேள்வியை இப்போது எடுக்கலாம். வகைக்கெழுவின் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா? இது சார்பின் வளைவைச் சொல்லும். கோடு ஏறினால் சார்பின் சாய்வு கூடிக்கொண்டே போகிறது, வளைவரை கிண்ணம் போல மேல்நோக்கிக் குழிந்திருக்கும். கோடு இறங்கினால் சாய்வு குறைந்துகொண்டே போகிறது, வளைவரை கவிழ்த்த கிண்ணம் போலக் கீழ்நோக்கிக் குழிந்திருக்கும்.

நம் படத்தின் முதல் எட்டு அலகுகளில் நான்கு வகையும் வரிசையாக வந்துவிடுகின்றன. 0 முதல் 2 வரை கோடு அச்சுக்கு மேலே, ஏறுகிறது. சார்பு ஏறுகிறது, போகப்போக இன்னும் செங்குத்தாக ஏறுகிறது. 2 முதல் 4 வரை மேலே, ஆனால் இறங்குகிறது. சார்பு ஏறுகிறது, ஏற்றம் தளர்ந்துகொண்டே வருகிறது, 4-ல் உச்சியில் மெல்ல அடங்குகிறது. 4 முதல் 6 வரை கீழே, இறங்குகிறது. சார்பு இறங்குகிறது, இறக்கம் செங்குத்தாகிக்கொண்டே போகிறது. 6 முதல் 8 வரை கீழே, ஆனால் ஏறுகிறது. சார்பு இறங்குகிறது, இறக்கம் தணிந்துகொண்டே வருகிறது.

இந்த நான்கையும் அட்டவணையாக்கி மனப்பாடம் செய்யச் சொல்லும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மனப்பாடம் செய்தது தேர்வு அறையில் தலைகீழாகிவிடும். அதற்குப் பதிலாக, கையில் ஒரு ஸ்கேலைத் தொடுகோடாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வகைக்கெழுவின் உயரத்தைப் படித்து, அந்தச் சாய்வுக்கு ஸ்கேலைத் திருப்புங்கள். 0-ல் சாய்வு 2. மெல்ல 4-க்குத் திருப்புங்கள், ஸ்கேல் நிமிர்கிறது. அப்புறம் 4-லிருந்து 0-க்கு, ஸ்கேல் படுக்கிறது. அப்புறம் −4 வரை முன்பக்கம் குனிகிறது. வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே ஸ்கேலைத் திருப்பினால் சார்பின் வடிவம் கையிலேயே உருவாவது தெரியும். இரண்டு தடவை செய்து பார்த்தால் அட்டவணை தேவைப்படாது.

வளைவு மாறும் இடத்தை வளைவு மாற்றப் புள்ளி என்கிறோம். வகைக்கெழுவின் படத்தில் அவை, கோடு ஏறுவதிலிருந்து இறங்குவதற்கோ இறங்குவதிலிருந்து ஏறுவதற்கோ திரும்பும் இடங்கள். நம் படத்தில் 2, 6, 8, 9 ஆகிய நான்கும். வகைக்கெழுவின் உச்சியும் அடியும்தான் சார்பின் வளைவு மாற்றப் புள்ளிகள். 2-ல் வகைக்கெழு உச்சிக்குப் போகிறது என்பதால் சார்பும் அங்கே உச்சிக்குப் போகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே சார்பு அதன் சுற்றுவட்டாரத்தில் மிகச் செங்குத்தாக ஏறுகிறது, அவ்வளவுதான். உச்சி வருவது 4-ல்.

இரண்டாம் வகைக்கெழுவை, அதாவது வகைக்கெழுவின் வகைக்கெழுவை, பூஜ்ஜியமாக்கி வளைவு மாற்றப் புள்ளிகளைத் தேடும் வழி எல்லோருக்கும் தெரியும். வகைக்கெழுவின் படத்தில் நேராகத் தேடுவது அதைவிட நம்பகமானது என்பது என் கருத்து. எக்ஸின் நான்காம் அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டாம் வகைக்கெழு 12எக்ஸ்², 0-ல் பூஜ்ஜியம். அவசரப்பட்டு "வளைவு மாற்றம்" என்று எழுதினால் தவறு. வகைக்கெழுவின் படத்தை, அதாவது 4எக்ஸ்³-ஐப் பாருங்கள். 0-ல் ஒரு நொடி தட்டையாகிறது, ஆனால் அதற்கு முன்னும் ஏறுகிறது, பின்னும் ஏறுகிறது. எங்கும் திரும்பவில்லை. எனவே வளைவும் மாறவில்லை. நம் உடைந்த கோட்டிலோ 2-ல் இரண்டாம் வகைக்கெழுவே கிடையாது, அங்கே முனை இருக்கிறது. ஆனாலும் திரும்புகிறது, வளைவு மாறுகிறது. பூஜ்ஜியத்தைத் தேடியிருந்தால் முதலில் இல்லாததைக் கண்டிருப்போம், இரண்டாவதில் இருப்பதை விட்டிருப்போம்.

நான்காம் படி: பரப்பை எண்ணினால் உயரம் வரும்

இதுவரை வடிவம் மட்டும் தெரியும். 4-ல் உள்ள மேடு எவ்வளவு உயரம், 10-ல் உள்ள பள்ளம் எவ்வளவு ஆழம் என்று தெரியாது. அதற்கு வகைக்கெழுவின் கோட்டுக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள பரப்பை எண்ணவேண்டும். ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும்போது சார்பு எவ்வளவு மாறியது என்பது அந்தப் பரப்புக்குச் சமம். அச்சுக்கு மேலுள்ள பரப்பு வரவு, கீழுள்ள பரப்பு செலவு. நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் சொல்வது இதைத்தான்.

நம் படம் நேர்கோடுகளால் ஆனதால் முக்கோணமும் சரிவகமும் தெரிந்தால் போதும்.

0 முதல் 2 வரை ஒரு சரிவகம், உயரங்கள் 2, 4, அகலம் 2. பரப்பு 6. 2 முதல் 4 வரை ஒரு முக்கோணம், பரப்பு 4. 4 முதல் 6 வரை முக்கோணம், அச்சுக்குக் கீழே, −4. 6 முதல் 8 வரையும் −4. 8 முதல் 9 வரை −1, 9 முதல் 10 வரை −1. கடைசியாக 10 முதல் 12 வரை முக்கோணம், அச்சுக்கு மேலே, 4.

இவை மாற்றங்கள்தான். எங்கிருந்து தொடங்கினோம் என்று தெரியாமல் மாற்றத்தை மட்டும் வைத்து உயரம் சொல்ல முடியாது. எனவே கேள்வியில் எப்போதும் ஒரு தொடக்க மதிப்பு கொடுத்திருப்பார்கள். 0-ல் சார்பின் மதிப்பு 3 என்று வைத்துக்கொள்வோம். இனி வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகலாம்: 2-ல் 9, 4-ல் 13, 6-ல் 9, 8-ல் 5, 9-ல் 4, 10-ல் 3, 12-ல் 7.

இந்த எட்டுப் புள்ளிகளையும் கீழ்ப் படத்தில் குறித்து, மூன்றாம் படியில் கண்ட வளைவுகளோடு இணையுங்கள். 0 முதல் 2 வரை கிண்ணம், 2 முதல் 6 வரை கவிழ்த்த கிண்ணம், 6 முதல் 8 வரை கிண்ணம், 8 முதல் 9 வரை கவிழ்ந்தது, 9 முதல் 12 வரை கிண்ணம். 4, 8, 10 மூன்றிலும் வளைவரை கிடையாகத் தொட்டுச் செல்லவேண்டும். மேல் படத்தில் முனைகள் இருக்கின்றனவே என்று கீழ்ப் படத்திலும் முனை வைத்துவிடாதீர்கள். வகைக்கெழு அறுபடாமல் தொடர்ந்து செல்லும் வரை சார்பில் முனையே வராது, வழவழப்பாகத்தான் போகும்.

மீப்பெரு மதிப்பும் மீச்சிறு மதிப்பும் கேட்டால், மேடு பள்ளங்களோடு இரண்டு ஓரங்களையும் சேர்த்து ஒப்பிடவேண்டும். மீப்பெரு மதிப்பு 13, 4-ல். மீச்சிறு மதிப்பு 3. அது 10-ல் உள்ள பள்ளத்திலும் இருக்கிறது, 0-ல் உள்ள ஓரத்திலும் இருக்கிறது. 0 முதல் 4 வரை வரவு 10, 4 முதல் 10 வரை செலவு 10, கிளம்பிய உயரத்துக்கே திரும்பிவிட்டோம். ஓரங்களை மறந்திருந்தால் பாதி விடைதான் கிடைத்திருக்கும்.

தொடக்க மதிப்பு 3 இல்லாமல் 8 என்று கொடுத்திருந்தால்? எல்லா உயரங்களும் 5 கூடியிருக்கும், வடிவத்தில் ஒன்றும் மாறியிருக்காது. மாறிலி ஒன்றைக் கூட்டினால் வளைவரை அப்படியே மேலே நகரும், சாய்வுகள் மாறாது. வகைக்கெழுவிலிருந்து சார்பைத் திரும்பக் கண்டுபிடிக்கும் தொகையீட்டில் கடைசியில் ஒரு மாறிலியைச் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

நேர்கோடுகள் இல்லாத படத்தில்

பரவளையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 3எக்ஸ்² − 12எக்ஸ் + 9. இது வகைக்கெழு. 0-ல் 9, 1-ல் 0, 2-ல் −3, 3-ல் 0, 4-ல் 9. படத்தை வரைந்துவிட்டு, மேலே சொன்ன படிகளை நீங்களே ஓட்டிப் பாருங்கள். 1-ல் மேலிருந்து கீழே கடக்கிறது, பெருமம். 3-ல் கீழிருந்து மேலே, சிறுமம். 2-ல் கோடு திரும்புகிறது, வளைவு மாற்றம். 0-ல் சார்பின் மதிப்பு 0 என்று கொடுத்திருந்தால், சார்பு எக்ஸ்³ − 6எக்ஸ்² + 9எக்ஸ். அதன் மதிப்புகள் வரிசையாக 0, 4, 2, 0, 4.

சூத்திரம் தெரியாமல் படம் மட்டும் கையிலிருந்தால் பரப்பை மதிப்பிடத்தான் வேண்டும். 0 முதல் 1 வரை பாருங்கள். உயரம் 9-லிருந்து 0-க்கு வருகிறது. ஒரே முக்கோணமாக எடுத்தால் 4.5. உண்மையான பரப்பு 4. பாதியில், 0.5-ல், உயரம் 3.75. இரண்டு பட்டைகளாகப் பிரித்துக் கூட்டினால் 4.125 வந்துவிடும். இரண்டு தடவையும் விடை கூடுதலாக வந்ததற்குக் காரணம் உண்டு. வளைவரை நடுவில் தொய்ந்திருப்பதால், இரண்டு முனைகளை இணைத்து நாம் போடும் நேர்கோடு அதற்கு மேலே நிற்கிறது. வரைபடத்தாளின் கட்டங்களை எண்ணினாலும் ஏறத்தாழ இதே துல்லியம் கிடைக்கும். வடிவத்தைப் புரிந்துகொள்ள அது தாராளமாகப் போதும்.

இந்தப் படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பரவளையம் 2-ஐ மையமாக வைத்து இடமும் வலமும் சமச்சீராக இருக்கிறது. எனவே சார்பு (2, 2) என்ற புள்ளியைச் சுற்றி அரைச் சுற்றுத் திருப்பினால் தன் மேலேயே பொருந்தவேண்டும். 1-ல் 4, 3-ல் 0. இரண்டுக்கும் நடு 2. 0-ல் 0, 4-ல் 4. இரண்டுக்கும் நடுவும் 2. வரைந்த படம் சரியா என்று பார்க்க இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

கோடு அறுந்திருந்தால்

எக்ஸின் மட்டு மதிப்பைத் தரும் சார்பு 0-ல் கூர்முனையோடு நிற்கும். அதன் வகைக்கெழு இடப்பக்கம் முழுக்க −1, வலப்பக்கம் முழுக்க 1. 0-ல் கோடு இல்லை, இரண்டு திறந்த வட்டங்கள்தான். அச்சை வெட்டவே இல்லையே, சிறுமம் எப்படி வரும் என்று தோன்றலாம். கோடு அச்சைத் தொடவேண்டும் என்பதல்ல கணக்கு. சார்பு தொடர்ச்சியாக இருந்து, வகைக்கெழு குறையிலிருந்து மிகைக்கு மாறினால் போதும், அங்கே பள்ளம்தான்.

இப்படித் தாவும் இடத்தில் யாராவது நிரப்பிய வட்டம் போட்டு "இங்கே வகைக்கெழு 1" என்று காட்டினால் நம்பாதீர்கள். பிரெஞ்சுக் கணிதவியலாளர் டார்பூ 1875-ல் நிறுவிய தேற்றத்தின்படி, வகைக்கெழு ஒரு இடைவெளி முழுவதும் இருந்தால் அது இரண்டு மதிப்புகளுக்கு நடுவிலுள்ள எல்லா மதிப்புகளையும் எடுத்தே ஆகவேண்டும். −1-லிருந்து 1-க்கு ஒரேயடியாகத் தாவ முடியாது. தாவுகிறது என்றால் அந்த இடத்தில் வகைக்கெழு இல்லை என்று பொருள்.

இன்னும் இரண்டை மட்டும் சேர்த்துப் பாருங்கள். எக்ஸின் கனமூலத்துக்கு வகைக்கெழு 0-ன் இரு பக்கமும் மேலே பறந்துபோகிறது. இரண்டு பக்கமும் மிகை, எனவே பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை. தொடுகோடு மட்டும் அங்கே செங்குத்தாகிறது. கனமூலத்தின் வர்க்கத்துக்கோ, இடப்பக்கம் அதலபாதாளத்துக்குப் போய், வலப்பக்கம் உயரத்திலிருந்து இறங்கி வருகிறது. குறையிலிருந்து மிகை, எனவே கூர்மையான பள்ளம். எந்த நிலையிலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பக்கம் எந்தக் குறி, அந்தப் பக்கம் எந்தக் குறி?

இயக்கத்தைப் பற்றிய கேள்விகளில்

வகைக்கெழுவைத் திசைவேகமாகவும் சார்பை நிலையாகவும் வைத்துக் கேள்வி கேட்டால் படிகள் எதுவும் மாறாது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். "வேகம் கூடுகிறதா?" என்பதும் "திசைவேகம் கூடுகிறதா?" என்பதும் ஒன்றல்ல. வரைபடத்தாளில் நாம் வரைந்த உடைந்த கோட்டில் 4 முதல் 6 வரை திசைவேகம் 0-லிருந்து −4-க்குக் குறைகிறது. பொருளோ பின்பக்கமாக மேலும் மேலும் விரைந்து போகிறது. கோடு அச்சை விட்டு விலகிப் போனால் வேகம் கூடுகிறது, அச்சை நோக்கி வந்தால் குறைகிறது. மொத்தமாக எவ்வளவு தூரம் ஓடியது என்று கேட்டால் செலவையும் வரவாகவே கூட்டவேண்டும்: 10, 10, 4, ஆக 24. கடைசியில் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கேட்டால் 4.

நீங்களே ஒன்று

வகைக்கெழுவின் மதிப்புகள்: −1-ல் −16, 0-ல் 0, 1-ல் 4, 2-ல் 2, 3-ல் 0, 4-ல் 4. கோடு 1-ல் உச்சிக்குப் போய்த் திரும்புகிறது, 3-ல் அச்சைத் தொட்டுவிட்டு மேலேயே திரும்புகிறது, வேறெங்கும் திரும்பவில்லை. 0-ல் சார்பின் மதிப்பு 0. கீழே படிக்குமுன் சார்பை வரைந்துவிடுங்கள்.

0-ல் மட்டும் குறி மாறுகிறது, குறையிலிருந்து மிகைக்கு. எனவே ஒரே ஒரு சிறுமம், பெருமம் எங்கும் இல்லை. 3-ல் தளம். வளைவு மாறுவது 1-லும் 3-லும். −1 முதல் 1 வரை கிண்ணம், 1 முதல் 3 வரை கவிழ்ந்தது, 3-க்கு அப்புறம் மறுபடி கிண்ணம். இந்த வகைக்கெழுவின் சூத்திரம் எக்ஸை (எக்ஸ் − 3)²-ஆல் பெருக்கியது. அதிலிருந்து கணக்கிட்டால் சார்பின் மதிப்பு 1-ல் 2.75, 3-ல் 6.75, 4-ல் 8. உங்கள் படத்தில் 1-ல் ஒரு மேடு வந்திருந்தால், அங்கே கோட்டின் உயரத்தைப் பார்க்காமல் அதன் வடிவத்தைப் பார்த்துவிட்டீர்கள். முதல் படிக்குத் திரும்பி, அச்சுக்கு மேலுள்ள பகுதியையும் கீழுள்ள பகுதியையும் தனித்தனி நிறத்தில் தீட்டிவிட்டு மறுபடி வரையுங்கள்.